ஏரோதின் படையில் ஒரு மெசின்கன்

ஏரோது ராஜாவின் படைவீரன் கையில் ஈட்டிதான் இருக்க வேண்டும் என்று உபதேசியார் சொன்னார். ஈட்டி வேண்டாம், மெசின்கன்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில், பாதி ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்த தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். அங்கிருந்த மாதா கோயிலில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆண் பிள்ளைகள் போதவில்லை. அதனால் பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லப் போகும் படைவீரன் வேஷம், பத்து வயதுப் பெண்ணான எனக்குக் கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் குணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மெசின்கன் ஆசை என்னைப் பிடித்த இடம் ஈப்போ. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையின் மாடியில் வீடியோ கேம் பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஈப்போவில் மோட்டார் பட்டறையில் வேலை செய்த சித்தப்பா, சம்பளம் வாங்கியதும் என்னை அங்கே கூட்டிப் போவார். நான் விடாமல் ஆடிய கேமில், சந்திரனில் மனிதர்கள் கட்டிய ஊரை, மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வரும் எட்டுக்கால் பிராணிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அதற்கு நமக்குக் கொடுப்பது ஒரே ஒரு மெசின்கன். குழல் முழுக்கத் துளைகள், வாயில் நீல வெளிச்சம், அடியில் உருண்டையாகக் குண்டுப்பெட்டி. விசையை விடாமல் அழுத்தினால் குழல் சிவந்து, சுடுவது நின்றுவிடும். அது ஆறும்வரை பிராணிகள் சும்மா இருக்காது. பிறகு அதே விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தபோது துப்பாக்கிக்கு இரண்டு குழல் வைத்துவிட்டார்கள். நன்றாக இருந்ததை எதற்குக் கெடுத்தார்கள் என்று வீடு வந்து சேரும்வரை புலம்பினேன். சித்தப்பா எல்லாவற்றுக்கும் "ஆமாலா" போட்டபடி மோட்டார் சைக்கிளை ஓட்டினார்.

உபதேசியாரிடம் எனக்காகப் பேசப் போனவரும் அவர்தான்.

"ஏரோது காலத்துல ஏதுப்பா மெசின்கன்?" என்று கேட்டார் உபதேசியார்.

"இருந்திருந்தா வாங்கியிருப்பான்லா ஐயா. பச்சப் புள்ளைங்களையே விடாதவன்" என்றார் சித்தப்பா.

உபதேசியார் வேஷப் பட்டியலில் ஈட்டியை அடித்துவிட்டு மெசின்கன் என்று எழுதினார்.

சித்தப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. வேறு யாராவது என்றால் அட்டையை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியிருப்பார்கள். அவர் பழைய சைலன்சர் குழாயில் வரிசையாகத் துளை போட்டார். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு இரண்டை வாயோடு வாய் ஒட்டிக் குண்டுப்பெட்டி செய்தார். குழாய்க்குள் ஒரு டார்ச் லைட், அதன் முகத்தில் நீலக் கண்ணாடித்தாள். கைப்பிடியைத் திருகினால் சைக்கிள் பல்சக்கரம் ஒன்று டகடகவென்று சத்தம் போட்டது. கடைசியாகப் பட்டறையில் இருந்த கறுப்புச் சாயத்தை இரண்டு தடவை அடித்துக் காயவைத்தார்.

நாடகத்தன்று மத்தியானம் பட்டறைக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். சாக்கில் சுற்றி என் மடியில் குறுக்கே வைத்திருந்தேன். இவ்வளவு அழகான சாமானைச் சாக்குக்குள் வைத்து யாருக்கு லாபம்? ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று சாக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். காட்டில் இன்னும் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள் இருந்த காலம் அது. சிம்பாங் பூலாய் வருவதற்கு முன்னால் போலீஸ்காரர்கள் சாலையை மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் கத்தினார். மூன்று துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். "பாப்பா, அத கீழ வச்சிட்டு எறங்கு. மெதுவா. கைப்பிடியத் தொடாத."

எனக்கோ அந்த டகடக சத்தத்தை அவர்களுக்குக் கேட்கவைக்க ஆசை. ஆனாலும் சொன்னபடி செய்தேன். சித்தப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். இது விளையாட்டுச் சாமான், கோயில் நாடகத்துக்குச் செய்தது என்று மலாயில் சொன்னார். கோயில் நாடகத்தில் மெசின்கன்னுக்கு என்ன வேலை என்று அவர்களுக்கு மேலதிகாரியான சார்ஜன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போது இளவயசுப் போலீஸ்காரர் ஒருவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இது அந்தச் சந்திரன் கேமில் வருவதல்லவா, இரண்டாம் பாகமா என்று கேட்டார். சித்தப்பாவின் கை இடுக்கில் தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த மலாயில் நான் பதில் சொன்னேன்: முதல் பாகம், இரண்டாவதில் இரண்டு குழல் இருக்கும், உங்களுக்கு அதுகூடத் தெரியாதா?

அவர் சிரித்துவிட்டார். சார்ஜனிடம் விளக்கியவரும் அவர்தான். சார்ஜன் காலால் தட்டியதும் மங்கு ஒன்று கழன்று உருண்டது. இதை இப்படியே கொண்டுபோக முடியாது, இங்கேயே பிரித்துப் போடு என்றார். சித்தப்பா ஸ்பேனரை எடுத்து, என் மெசின்கன்னை மறுபடியும் வெறும் குழாயாகவும் டார்ச் லைட்டாகவும் ஆக்கினார். ஸ்பேனர் அவர் கையிலிருந்து அடிக்கடி நழுவி விழுந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

அன்று பெத்லகேம் குழந்தைகள் மூங்கில் ஈட்டியால்தான் செத்தார்கள். நாடகம் முடிந்து சாப்பிடும்போது சித்தப்பா எல்லோரிடமும், "இவ மட்டும் வாயத் தொறக்கலன்னா நான் இன்னிக்கு லாக்கப்புலதான் படுத்திருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். அவரைக் காப்பாற்றியவள் நான்தான் என்று பல வருடம் நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் ஒரு தடவைகூட அதை மறுத்ததில்லை.

துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கில் போடக்கூடிய காலம் அது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த மூன்று பேரில் ஒருவர் பதறி விசையை இழுத்திருந்தால் குண்டு முதலில் யார்மேல் பட்டிருக்கும் என்பதும் எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. என் சித்தப்பாவுக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லி முடியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நிஜத் துப்பாக்கிகளை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் யோகம் வாய்த்தும் அதை அனுபவிக்க அவர் விடவில்லை என்பதுதான். நான் இடப்பக்கம் நகர்ந்தால் அவரும் இடப்பக்கம் நகர்ந்தார். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம் வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க சித்தப்பா, ஒன்னும் தெரியல" என்று நான் அவர் முதுகில் குத்திக்கொண்டிருந்தேன்.