தானாகக் கழன்று விழாது

ரோஸ்லின் மேடம் இறந்துவிட்டார் என்று அஸ்லம் பாய் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. அஸ்லம் பாய் நல்ல மனிதர்தான். ஆனால் ஆம்பூரில் காலையில் கிளம்பும் செய்தி வேலூர் போய்ச் சேருவதற்குள் வேறு ஆளைப் பற்றியதாக மாறிவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"யாரு சொன்னாங்க பாய்?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது செகரட்டரி சார். விடியக்காலைல போய்ட்டாங்களாம்."

ஊரே சொல்கிறது என்றதும் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. சத்துவாச்சாரியில் அவர் வீட்டு எண்ணுக்கே கூப்பிட்டேன். அவரே எடுத்து, "இன்னும் போகலைங்க, போறப்போ சொல்றேன்" என்பார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். எடுத்தவர் அவருடைய தம்பி. பேச முடியாமல் அழுதார். நான் இப்போது இருக்கும் விரிஞ்சிபுரத்திலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

"ஒரு சேதியை ரெண்டு எடத்துல விசாரிச்சாத்தான் அது சேதி" என்பார் மேடம். அவருடைய சாவுச் செய்தியையும் அப்படித்தான் விசாரித்திருக்கிறேன். தெரிந்தால் தப்பாக நினைக்கமாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரோஸ்லின் மேடம் சத்துவாச்சாரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும் காலத்துக் கம்ப்யூட்டர்கள். மவுஸும் வண்ணத் திரையும் வந்ததும் பிள்ளைகள் அடுத்த தெருவில் திறந்த புது சென்டருக்குப் போய்விட்டார்கள். இவருடைய கம்ப்யூட்டர்கள் வீட்டின் முன்னறையில் பழைய புடவை போர்த்திக் கிடந்தன. லாங் பஜார் காயலான் கடைக்காரர்கள் எடைக்குக் கேட்டு வந்தபோது, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாராம்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு டேனரித் தெருவின் சங்கத்துக்குச் செயலாளர். தோல் பதனிடும் ஆறு டேனரிகள். தெருவின் ஒரு முனையில் சங்க அலுவலகம், மறு முனையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். ஆறு டேனரியிலும் தோல் ஊறிய தண்ணீர் ஒரே குழாயில் ஓடி அந்த நிலையத்தில் சுத்தமாக வேண்டும். ஆனால் கால்வாயில் அவ்வப்போது கறுப்புத் தண்ணீர் வருகிறது என்று கீழ்ப்பக்கத்து விவசாயிகள் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை வந்தா, யாரு விட்டீங்கன்னு கேக்க மாட்டேன். ஆறுக்கும் சேத்துப் பூட்டுதான்."

பூட்டினால் தெருவில் வேலை பார்க்கும் அத்தனை குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். என் குடும்பமும்தான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் யாரையும் நம்பவில்லை. முதலாளிகள் சிரித்துக்கொண்டே சலாம் சொல்லிக்கொள்வார்கள். தலை திரும்பியதும் அடுத்தவர் மதிலுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று ஆள் விட்டுப் பார்ப்பார்கள். எனக்குச் சம்பளம் கொடுத்த ஆறு பேரையும் சந்தேகப்படுவதே என் உத்தியோகமாகிவிட்டது. எனக்கும் அது இயல்பாக வந்தது என்பதை மறைப்பானேன்.

மேடத்தின் தம்பி எங்கள் தெருவில் ஒரு டேனரியில்தான் சூப்பர்வைசர். அவர் வீட்டில் போய்ப் புலம்பியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு மேடம் ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு சுருள் கறுப்பு ஒயர்.

"இன்னா மேடம், மியூசியத்துக்குப் போற ஆட்டோ வழி மாறி இங்க வந்துடுச்சா?" என்றார் அஸ்லம் பாய். ஆறு முதலாளிகளில் வாய் ஜாஸ்தி அவருக்குத்தான்.

"விக்காத சரக்குதான் பாய். அதை உங்க தலையில கட்டத்தான் வந்திருக்கேன். மறைக்கல" என்றார் மேடம்.

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு டேனரியிலும் தண்ணீர் வெளியேறும் மீட்டரோடு ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சேர்ப்பது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்று, என் அலுவலகத்தில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஒயரில், மதிலுக்கு மதில் கோர்ப்பது. எந்தத் திரையைப் பார்த்தாலும் எல்லாருடைய தண்ணீர்க் கணக்கும் தெரியும்.

எனக்கு உடனே சந்தேகம். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர் புது கம்ப்யூட்டர்களும் நடுவில் ஒரு பெட்டியும் வைத்து, ஒவ்வொரு டேனரிக்கும் தனித்தனி ஒயர் இழுப்பதாகச் சொல்லியிருந்தார். ஓர் ஒயர் அறுந்தாலும் மற்றவை நிற்காது. அதை எல்லார் முன்னாலும் சொல்லி, "உங்களது அப்படி இல்லையாமே?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. என்னோடதுல ஒருத்தர் ஒயரை எடுத்தா எல்லாருக்கும் நின்னுடும்."

"அது குறைதானே மேடம்?"

"உங்க தெருவுக்கு அதுதாங்க வேணும். அவர் போடுற லைன்ல ஒருத்தர் எடுத்துட்டா மத்தவங்களுக்குத் தெரியாது. ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம். ஒருத்தர் தண்ணி விட்டா ஆறு பேருக்கும் பூட்டுன்னு ஆபீசர் சொல்லியிருக்காரில்ல, ஒயரும் அப்படியே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் இந்த டப்பாவுல உங்க பசங்க கேம் ஆட முடியாது. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்றார்.

ஆறு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மாட்டப்போவது அடுத்தவர்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு.

மேடமே ஏணியில் ஏறி ஒயர் இழுத்தார். தரையில் உட்கார்ந்து முனை செய்தார். இரண்டு கோடியிலும் விரல் நுனி அளவுக்கு ஓர் உலோக மூடி மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை முழுவதும் செத்துவிடும். "கரண்டு போனா அந்த ஸ்க்ரீன் மட்டும் போகும். ஒயர் போனா எல்லா ஸ்க்ரீனும் கத்தும். அதனால கரண்டு இல்லன்னு யாரும் கதை விட முடியாது" என்று டேனரி டேனரியாகச் சொல்லிவைத்தார். சுத்திகரிப்பு நிலையத்து மேற்பார்வையாளருக்கு மட்டும் கோபம். சுத்தம் பண்ணுகிற எங்களையே சந்தேகப்படுவதா என்றார். மேடம் அவரைப் பார்க்காமலே முனையைத் திருகிக்கொண்டு, "எல்லாருக்கும் பொதுவான எடத்தைத்தாங்க யாரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

சில மாதம் சும்மா ஓடியது. ஒரு கோடைப் பிற்பகல் என் மேஜையில் இருந்த திரை கீச்சென்று கத்தி, எண்கள் எல்லாம் மறைந்தன. நான் எழுந்து வெளியே வருவதற்குள் ஆறு முதலாளிகளும் தெருவில் நின்றார்கள். ஒவ்வொருவரும் முதலில் அடுத்தவர் கேட்டைத்தான் பார்த்தார்கள். அதே நேரத்தில் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்து, கால்வாயில் கறுப்பாக வருகிறது, ஆபீசருக்கும் சொல்லிவிட்டேன் என்றார்.

மேடம் அன்று என் அலுவலகத்தில் இருந்தார். கைப்பையிலிருந்து ஒரு மூடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூடியை எந்த இடத்தில் மாட்டுகிறோமோ அதுவரை வரிசை உயிர் பெறும். பெறாவிட்டால் அறுந்தது அதற்கு இந்தப் பக்கம்.

"நேரா அந்தக் கடைசி டேனரிக்குப் போங்க மேடம். எனக்குத் தெரியும் யாருன்னு" என்றார் அஸ்லம் பாய்.

"வரிசையாத்தான் பாய் போவேன். ஒருத்தரைச் சந்தேகப்பட்டா அது பகை. எல்லாரையும் சந்தேகப்பட்டா அது வேலை."

முதல் டேனரியில் மூடியை மாட்டினார். திரை ஒளிர்ந்தது. அது அஸ்லம் பாயுடையது. அவர் விட்ட மூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். அடுத்ததற்குப் போனோம். ஒளிர்ந்தது. ஒவ்வொரு டேனரியிலும் ஒருவருக்கு முகம் தெளிந்தது, மிச்சம் இருந்தவர்களுக்கு இருண்டது. கடைசி டேனரியின் முதலாளி தன் வாசலில் நின்றுகொண்டு, "நான் விடலங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார். பாவம், ஐந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மூடியை மாட்டினார். அதுவும் ஒளிர்ந்தது.

ஆறு பேரும் ஒயரை எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது எங்கள் எல்லாருக்கும் சொந்தமான நிலையம் மட்டுமே.

உள்ளே போனபோது ஒயரின் முனை தரையில் கிடந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார். "தானா கழண்டு விழுந்துடுச்சு மேடம். இப்பதான் பாத்தேன்."

மேடம் முனையை எடுத்து எங்கள் எல்லாருக்கும் காட்டினார். "இழுத்தா இது பிஞ்சுதான் வரும், கழலாது. அமுக்கித் திருப்பினாத்தான் முழுசா வரும். தானா கழண்டு விழாது."

மேற்பார்வையாளர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் எரிந்துபோய்த் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. திட்டு விழுமென்று பயந்து, கால்வாய்ப் பக்கத்து வால்வைத் திறந்துவிட்டு, கணக்கு தெரியாமல் இருக்க ஒயரைக் கழற்றியிருக்கிறார். முன்பு வந்த கறுப்புத் தண்ணீரும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். இத்தனை நாள் ஒருவரையொருவர் வேவு பார்த்த ஆறு பேரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

முதலில் வால்வை மூடினோம். பிறகு அஸ்லம் பாய் மெதுவாக, "நம்ம வூட்டு விஷயம். ஆபீசர் வந்தா குழாய் வெடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். பேஜார் ஆகாம முடிச்சிக்கலாம்" என்றார். நாலைந்து தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும். பூட்டு என்ற வார்த்தை அப்படிப்பட்டது.

"சொல்லிக்கோங்க" என்றார் மேடம். "ஆனா ஆறு பேரும் பாத்துட்டீங்க. நாளைக்கு யாரு போய் ஆபீசர்கிட்ட சொல்லிடுவாங்களோன்னு ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் பயந்துகிட்டே இருப்பீங்க. உங்களுக்குள்ள யாரை நம்புறீங்க, சொல்லுங்க."

நம்பியிருந்தால் பொய் சொல்லியிருப்பார்கள். நம்பாததால் ஆறு பேரும் ஒன்றாகப் போய் அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னார்கள். அவர் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஒரு தெருவே தானாக வந்து ஒப்புக்கொள்வதை அவர் பார்த்திருக்கமாட்டார். மோட்டார் மாற்றும்வரை யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று நிறுத்திவைத்தார், பூட்டவில்லை. எங்கள் தெரு பிழைத்தது இப்படித்தான். என் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் இதனால்தான் என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புது மீட்டர்கள் வந்தன, புது கம்ப்யூட்டர்கள் வந்தன. மேடம் தன் டப்பாக்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். இவற்றை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வார் என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒருநாள் சத்துவாச்சாரிக்கே போய்ப் பார்த்தேன். அவர் தெருவில் தனியாக இருந்த முதியவர்களின் வீடுகளை அதே கறுப்பு ஒயரால் கோர்த்திருந்தார். ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு பச்சைத் திரை.

"எழுந்ததும் ஒரு எழுத்து தட்டணும். முடியலன்னா கையை நீட்டி ஒயரைக் கழட்டிடணும். எல்லார் வீட்டுலயும் கத்தும்."

"கரண்டு இல்லன்னா?"

"நானே கத்துவேன். ஏன் செகரட்டரி, எனக்குக் குரல் கம்மியா?"

சென்ற வாரம் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அஸ்லம் பாய் எனக்கு முன்பே வந்து ஒரு மூலையில் கைக்குட்டையோடு நின்றார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நர்ஸம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "டீ போட்டுட்டு இருந்தேன் சார். ஸ்க்ரீன் கத்துச்சு. வாசலுக்கு வந்தா மத்த வீட்டுக்காரங்களும் ஓடி வர்றாங்க. எல்லாருமா உள்ள போனோம். நான் கையைப் புடிச்சுக்கிட்டேன். அவங்களால பேச முடியல. எங்களை ஒவ்வொருத்தரா பாத்தாங்க. அப்புறம்தான் உசிரு போச்சு."

இதையும் நான் முழுதாக நம்பவில்லை. சாவு வீட்டில் ஆறுதலுக்காக இப்படிச் சொல்வார்கள். யார் காலாவது தட்டி ஒயர் அறுந்திருக்கும், இவர்கள் தாமதமாக வந்திருப்பார்கள், அதற்குள் அவர் தனியாகவே போயிருப்பார் என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் அவருடைய படுக்கையறைக்குப் போனேன்.

ஒயரின் முனை போர்வையின் மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பிய்ந்திருக்கவில்லை, வளைந்திருக்கவில்லை. அமுக்கித் திருப்பி, முழுசாகக் கழற்றியிருந்தார். அந்த நேரத்திலும் விரலில் அவ்வளவு நிதானம். எல்லாரையும் கூப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நர்ஸம்மா வாசற்படியில் நின்று தயங்கியபடி, "இனிமே எங்க வீடுகளுக்கு இது ஓடாதா சார்?" என்று கேட்டார்.

மேடத்தின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மூடி இருந்தது. வரிசையில் அவர் வீடுதான் கடைசி. மூடியை எடுத்துக்கொண்டு நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். மேடம் வீட்டுக்குப் போகும் ஒயரை அங்கே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூடியை வைத்து அமுக்கித் திருப்பினேன். திரை ஒளிர்ந்தது. மற்ற வீடுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது.

மேடம், இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டேன். சேதி உண்மைதான். போய் வாருங்கள்.