தாம்பரம் குளிர்ப்பிரதேசமான கதை

இலையின் ஓரத்தைப் பார்த்து ஊரின் வெப்பத்தைச் சொல்லலாம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என் வீட்டிலேயே சிரித்தார்கள். வெயில் ஊர்களில் பெரும்பாலான மர வகைகளுக்கு இலை ஓரம் வழவழவென்று இருக்கும். குளிர் ஊர்களில் ரம்பம் மாதிரி பல் வைத்தவை அதிகம். கல்லில் பதிந்த இலைகளை வகை பிரித்து எண்ணி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்குப் போடுவார்கள். அதுதான் என் ஆராய்ச்சி. பகலில் பள்ளிக்கூட டீச்சர், மிச்ச நேரமெல்லாம் இது.

கல்லைத் தொடுவதற்கு முன், கணக்கு சரியா என்று இன்றைய இலைகளில் சோதிக்க வேண்டாமா? தாம்பரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே பீர்க்கன்கரணை ஏரி. கரைச் சேற்றில் விழுந்து கிடந்த இலைகளைப் பொறுக்கினேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், "இன்னாக்கா, குப்பைய போயி பொறுக்கிகினு கீற?" என்றார்.

"படிப்புக்குண்ணா."

"அடப் பாவமே!"

விடை வந்தது. தாம்பரம் குளிர்ப்பிரதேசமாம்! வெளியே மே மாத வெயில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கிறது. இலைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பூச்சி கடித்த ஓரங்களையெல்லாம் பல் என்று எண்ணியிருந்தேன், மடச்சி. திருத்தினேன். சூடு கொஞ்சம் ஏறியதே தவிர, நம் ஊர் அளவுக்கு வரவில்லை.

என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் எழுதிய கட்டுரைகள் அத்தனையும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. தாளைப் பார்த்ததும் சாருக்கு முகம் சுருங்கியது.

"வேம்பு, செம்பருத்தி எல்லாம் மனுஷங்க வெச்சதும்மா. தானா வளந்தது இல்ல. அத எடுத்துடு, ஆன்சர் கரெக்டா வந்துடும்."

"பூவரசும் தூங்குமூஞ்சியும்கூட வெச்சதுதானே சார்? அதுக்கு ஓரத்துல பல் இல்லன்னு விட்டுட்டீங்களா?"

நட்ட மரங்கள் எல்லாவற்றையும் நீக்கியும் பார்த்துவிட்டேன் என்றேன். அப்போதும் இலந்தையும் உண்ணிச்செடியும் விடையைக் குளிர்ப் பக்கமே இழுத்தன. எந்த ஊரானாலும் தண்ணீர் ஓரத்தில் பல் வைத்த இலைகள் கூடுதல். சரி, கல்லான இலைகள் எங்கிருந்து கிடைக்கின்றன? பெரும்பாலும் பழைய ஏரிச் சேற்றிலும் ஆற்று வண்டலிலும்தானே! கண்ணெதிரே கொதிக்கிற ஊரையே குளிர் என்று காட்டும் கணக்கு, யாருமே பார்த்திராத காலத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடுமா? இந்தத் தப்பான விடைதான் சார் என் கண்டுபிடிப்பு என்றேன்.

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"இது உனக்குக் கடைசி எக்ஸ்டென்ஷன். நான் சைன் பண்ணாதான் தீசிஸ் உள்ள போகும். சைன் வேணுமா, வேப்பிலை வேணுமா?"

"வேப்பிலை சார்."

கையெழுத்து வரவில்லை. பதிவு ரத்தானது. இத்தனை வருஷம் வீணாப்போச்சே என்று அம்மா இரண்டு நாள் அழுதாள், நானும் கூடவே அழுதேன். அழுது முடித்ததும் வேறு வழிகாட்டியைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து பதிந்தேன். 'தாம்பரம் ஒரு குளிர்ப்பிரதேசம்.' முதல் அத்தியாயத்துக்கு அதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். முடிந்தால் யாராவது பேனா எடுத்து அதை அடித்துப் பார்க்கட்டும்.