ஏரிக்குள் ஆறு சைக்கிள்கள்

பொன்னேரி பள்ளி விடுதியிலிருந்து கிளம்பி அரைமணி நேரம் நடந்திருப்பேன். தகரப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டேன்; தூக்கிக்கொண்டு போனால் ஓடிப்போகிறவன் என்று தெரிந்துவிடும். அந்த வருடத்தில் அது இரண்டாவது முறை. முதல் முறை நைனா அடிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வீட்டுக்குள் கால் வைக்காதே என்று மட்டும் சொல்லி, திரும்பக் கொண்டுபோய் விட்டார். எனக்குப் பதிமூன்று வயது. கால் வைக்க ஒரு காரணம் தேவைப்பட்டது.

காரணம் சைக்கிளில் வந்தது. தலையில் ஹெல்மெட் மாட்டிய ஆறு பேர், சென்னையிலிருந்து பழவேற்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், வழி கேட்டு நின்றார்கள். கல்லறை, கோட்டை, கலங்கரை விளக்கம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்றேன். நரைத்த மீசை வைத்த ஒருவர் என்னைத் தன் வண்டியின் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டார். விருந்தாளிகளோடு வருகிற பிள்ளையை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள் என்பது என் கணக்கு.

டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டி, ஒன்று கப்பல் கேப்டன், மற்றது அவருடைய சமையல்காரன் என்று நானாகவே சொல்லிவைத்தேன். பிறகு கோட்டை. அங்கே கோட்டை இல்லை. முள்மரம் மண்டிய ஒரு மேடும் பாசி படர்ந்த அகழியும்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களோ வெகுநேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது நானும் போகிற ஊர்களில் இடிந்த சுவர்களைத் தேடிப் போய் நிற்கிறேன். அன்று அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்றுதான் நினைத்தேன்.

பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கத்தையும் கடலையும் பார்த்தாயிற்று. அடுத்து அவர்களுக்குப் பூநாரை பார்க்க வேண்டுமாம். எங்கள் ஊர் தோணிரேவுப் பக்கம் நிற்கும் என்றேன். சாலை வழியே போனால் சுற்று. கோடை தொடங்கி ஏரியில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. குறுக்கே போகலாம் என்றேன்.

"போன்ல எல்லாம் தண்ணினு காட்டுதே, தம்பி" என்றார் மீசைக்காரர்.

"போன் அப்டித்தான் சார் காட்டும். எங்கம்மா தெனம் இதுலதான் நடக்குது."

பொய்யில்லை. அம்மாவும் ஊர்ப் பெண்களும் ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். அந்தப் பாடு என் கைகளுக்கு வரக்கூடாது என்றுதான் அம்மா என்னை விடுதியில் சேர்க்கச் சொன்னாள். எது கெட்டித் தரை, எது சேறு என்று எங்கள் ஊர்க் கால்களுக்குத் தெரியும். கால் தாங்குகிற தரை சக்கரத்தைத் தாங்குமா என்று யோசிக்க வேண்டிய அவசியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

இருநூறு அடி போயிருப்போம். முதல் வண்டி அச்சுவரை இறங்கியது. தள்ளத் தள்ள மற்றவையும் இறங்கின. தூரத்தில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு எங்களை நோக்கி வந்தார்கள். அம்மாவும் வந்தாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டிகளைப் பிடுங்கி எடுக்கும்போது, பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் சொன்னாள்: "இன்னாடி, ஒம் புள்ள ஏரியில சைக்கிளு நட்டு வெச்சிகீறான்? மொளைக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சேற்றில் உட்கார்ந்திருந்த மீசைக்காரரும் சிரித்தார். வாயில் பறி இருந்ததால் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். பிறகு பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சோறு துன்னியாடா?" என்றாள்.

அன்று எங்கள் வீட்டில் ஆறு பேரும் இறால் குழம்பு சாப்பிட்டார்கள். கால் கழுவ நைனாவே தண்ணீர் மொண்டு கொடுத்தார். தண்ணீர்க் குடத்தோடு நான் வாசற்படியைத் தாண்டினேன். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் நாரைகளைப் பார்த்துவிட்டு, சாலை வழியாகவே திரும்பிப் போன பிறகுதான் நைனா கேட்டார்.

"பொட்டி எங்க?"

"அங்கியே கீது."

"சைக்கிள்னா புடிக்குதா?" என்றார். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் காலை என்னைக் கடைவீதி பஞ்சர் கடையில் சேர்த்துவிட்டார். விடுதிப் பேச்சையோ பள்ளிக்கூடப் பேச்சையோ எடுக்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இறாலை விற்றுவிட்டு அந்த வழியாக வந்த அம்மா, கடை முன்னால் நின்று என் கைகளையே பார்த்தாள். கிரீஸைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, டவுசரில் நன்றாகத் துடைத்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.