யார் முதுகுக்கு இந்தப் பை?

"அம்மா, ஒண்ணும் ஆகல. முதல்ல அதைக் கேட்டுக்கோ."

பெற்ற பிள்ளை போனில் இப்படி ஆரம்பித்தால், என்னவோ ஆகிவிட்டது என்று பொருள். கொல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டு அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தேனா, இல்லையா... இன்றுவரை ஞாபகம் இல்லை.

மகள் நித்யா கல்லூரி இரண்டாம் ஆண்டு. தோழிகளோடு சாந்தக்ஃபூ மலைக்கு முதல் ட்ரெக்கிங் போயிருந்தாள். சாமானையெல்லாம் முதுகில் கட்டிக்கொண்டு நாலைந்து நாள் மலையில் நடப்பது. கொல்கத்தாவில் இது அதிசயமே இல்லை. லீவு விட்டால் ஊரில் பாதிப்பேர் மங்கி கேப்போடு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் பெண்ணும் போகட்டுமே என்றுதான் அனுப்பினோம்.

விழுந்துவிட்டாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"தூர், சின்ன விஷயம்மா" என்று வங்காளிகள் போல அலட்சியமாகச் சொன்னாள். அது பாதி உண்மை. மீதியை, அவளை வீடுவரை கொண்டுவந்து சேர்த்த தோழி மௌமிதா சொன்னாள். இறக்கம். ஈரக் கற்கள். பின்னாலிருந்து யாரோ கூப்பிட, நித்யா சட்டென்று திரும்பியிருக்கிறாள். அவள் திரும்பிவிட்டாள் — முதுகில் இருந்த பை திரும்பவில்லை. ஒரு நொடி தாமதமாகத் திரும்பி, அந்த வேகத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கிவிட்டது. மூங்கில் புதர் ஒன்று பிடித்து நிறுத்தியதாம்.

புதருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன். மௌமிதா சற்று யோசித்துவிட்டு, மேகம்தான் ஆன்ட்டி என்றாள்.

அன்றிலிருந்து மாடிப்படியில்கூடக் கைப்பிடியை விடாமல்தான் இறங்குகிறேன்.

சரி, அந்தப் பை எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எஸ்பிளனேட் பக்கம், மலையேற்றச் சாமான் விற்கும் ஒரு கடை. மூன்று பேரும் போயிருந்தோம். கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. எதைப் பார்த்தாலும் 'எவ்வளவு கொள்ளும்?' என்பதுதான் முதல் கேள்வி. நானோ 'வளர்ற பிள்ளை' என்று எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிப் பழகியவள். யூனிஃபார்மில் உள்மடிப்பு, ஷூ நுனியில் பஞ்சு — நம் வீடுகளில் இது தெரியாத அம்மா உண்டா? ஆனால் கல்லூரிக்குப் போகிற பெண் இனி எங்கே வளர்வாள்? அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிதாகவே காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் எழுபத்தைந்து லிட்டர் ரக்சாக் ஒன்றை இறக்கினார். என் பெண் ஐந்தடி. ரொம்பப் பெரிசா இருக்கே என்று அவள்தான் முனகினாள். அதற்கு அந்த மனிதர் என்னைப் பார்த்து, சித்தி முறை வைத்து வங்காளியில் சொன்னார்: "எடுத்துக்கோங்க காகிமா. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் வரும். நாளைக்கு உங்க மாப்பிள்ளையும் மாட்டிக்கலாம்."

நாங்கள் சிரித்தோம். பணத்தைக் கொடுத்தோம். நித்யா சிரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள்... எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாத மாப்பிள்ளையின் முதுகுக்கு ஒரு பை. அதைச் சுமந்து மலையேறுவது என் பெண்!

ரக்சாக்குக்கும் சட்டை போல அளவு உண்டாம். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை முதுகின் நீளத்தை அளக்க வேண்டுமாம். இடுப்புப் பட்டை எலும்பின் மேல் உட்கார்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நித்யாவுக்கு அது தொடைக்கு இறங்கி, எவ்வளவு இழுத்தாலும் தொளதொளவென்று தொங்கியது. மொத்த எடையும் தோளில். பையின் தலைப்பாகம் பின்மண்டையில் இடித்து, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லையாம். ஒரு ரவிக்கைத் துணி கொடுத்தால்கூட டெய்லர் டேப்பை எடுக்கிறார். உயிரை முதுகில் கட்டி அனுப்புகிற சாமானுக்கு டேப் வேண்டாமா?

அதோடு, பையில் இடம் காலியாக இருந்தால் நம் கை சும்மா இருக்குமா? லேக் மார்க்கெட் முறுக்கு, பருப்புப்பொடி, இரண்டாவது ஸ்வெட்டர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு போர்வை. பை கேட்டது, நான் போட்டேன்.

மலைக்குக் கூட்டிக்கொண்டு போன ட்ரெக்கிங் கம்பெனிக்காரர்கள் மட்டும் என்ன? ஆதார் பார்த்தார்களாம். டாக்டர் சர்டிபிகேட் பார்த்தார்களாம். அந்தப் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரும் போட்டோவும் சரியாக இருந்தால் மலை ஏற்றிக்கொள்ளுமா?

போன சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையோடு நித்யாவும் வந்தாள். கடைக்காரர் ஜிப்பை இழுத்துப் பார்த்தார். தையலைப் பார்த்தார். பையில் ஒரு குறையும் இல்லையே என்றார். மூங்கில் புதரிலேயே ஒன்றும் ஆகாத பை என்று அதற்குப் பெருமை வேறு.

"பைக்கு ஒண்ணும் ஆகல. என் பொண்ணுக்கு ஆச்சு" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நீங்கள்தானே பெரிதாகக் கேட்டீர்கள் என்றார். கேட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவதா? மருந்துக்கடையில் பெரிய மாத்திரையாகக் கொடுங்கள் என்றால் கொடுப்பார்களா?

இந்தச் சண்டைக்கு நடுவே நித்யா சுவரிலிருந்து ஒரு சின்னப் பையை ஒற்றைக் கையால் எடுத்து, கடைப் பணியாளரிடம் உள்ளே எடை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே? இனிமே நீ எங்கேயும் போகல."

"அம்மா, விழுந்தது நான் இல்ல. அந்த பேக். நான் அதோட சேர்ந்து போனேன், அவ்ளோதான்."

மறுபடி மலையா? மறுபடி அந்த மேகமா?

அவள் மாட்டிக்கொண்டாள். பட்டை இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. கடையின் குறுக்கே நடந்தாள். வேண்டுமென்றே சட்டென்று திரும்பினாள். பையும் அவளோடு, அதே நொடியில், திரும்பியது. என் பெண் நிமிர்ந்து நின்றாள். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லையென்று எப்படிச் சொல்வது?

அதை விற்கக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. "நாற்பது லிட்டர்தான், காகிமா. இது வீட்டுல வேற யாருக்கும் ஆகாது."

"ஆக வேண்டாம்" என்றேன்.