ஏரிக்கடியில் இரண்டு தட்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலை. பழவேற்காடு ஏரியில், தோணிரேவு கிராமத்துக்கு எதிரே, பனிமூட்டத்துக்கு நடுவே படகில் உட்கார்ந்திருந்தேன். பாலம் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் பழங்காலத் தடயம் ஏதாவது உண்டா என்று பார்க்கும் குழுவில் எனக்கு ஒரு வேலை. வரலாறு தெரியாது, கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் படிவம் நிரப்புவது நான்.

தூண் வரப்போகும் இடத்தில் ஒரு மூங்கில் கழி நட்டிருந்தார்கள். படகிலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஒரே கலங்கல். 'ஒன்றுமில்லை' என்று முத்து முத்தாக எழுதினேன்.

பக்கத்தில் ஓர் அம்மா தண்ணீருக்குள் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். இறாலைப் போட்டுக்கொள்ளப் பல்லால் கவ்வியிருந்த ஓலைப் பறியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா சார், குந்திக்கினே எழுதிட்டே?"

அசடு வழிந்தேன்.

"இது முன்ன மணல் திட்டு சார். எம் பொண்ண இங்கதான் பொதச்சோம். எட்டு வயசு. என்னோட எறா தடவ வருவா. அப்பால ஏரி ஏறிக்கினு வந்துடுச்சு. இங்க தூணு எறக்காதே சார்."

படிவத்தில் ராஜாக்களுக்குத்தான் இடம், மகள்களுக்கு இல்லை. அதை எப்படியோ மென்று விழுங்கிச் சொன்னேன்.

"பழசுதான் வோணுமா? எறங்கித் தடவு. பானை பானையா கெடக்குது."

இறங்கினேன். என் தொப்பை உள்ளே போனதில் ஏரி ஓர் அங்குலம் ஏறியிருக்கும். படகுக்காரர் பீடியும் கையுமாகச் சிரித்தார்.

"சேத்துல கையும் கையும் இடிக்கும். ரெண்டு தட்டு தட்டு. 'நாந்தான், நண்டு இல்ல'னு அர்த்தம். நாங்களும் ரெண்டு தட்டுவோம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா பறியை மறுபடி கவ்விக்கொண்டார்.

சேற்றுக்குள் தடித்த மண் விளிம்பு ஒன்று விரலில் பட்டது. வட்டமாக, இரு கையாலும் அணைக்கிற அளவு. பக்கத்தில் இன்னொன்று. தாழிகள்! கை இன்னும் ஆழம் போனது. அப்போது சில்லென்று சின்ன விரல்கள் என் புறங்கையைத் தொட்டன. சொல்லிக்கொடுத்தபடி இரண்டு தட்டினேன். பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது.

"என்னம்மா, உங்க கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று திரும்பினேன்.

அவர் பத்தடி தள்ளி நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கொண்டை முடிந்துகொண்டிருந்தார்.

வாயிலிருந்த பறி நழுவி விழுந்தது. இறால்கள் துள்ளிப் போயின. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"தட்டுச்சா? எத்தினி?"

"ரெண்டு."

"தெனம் இங்க தடவறேன் சார். எனக்கு ஒருநாளும் தட்டல."

நான் நின்ற இடத்துக்கு வந்து, தோள் வரை கையை விட்டு, முகம் தண்ணீரில் பட அப்படியே இருந்தார். அவருக்குத் தட்டு வந்ததா என்று கேட்காமலே படகுக்குப் பாய்ந்தேன். நான் படகில் ஏறிய அழகைப் படகுக்காரர் இன்றும் ஊரில் நடித்துக் காட்டுகிறாராம்.

படிவத்தைக் கிழித்துவிட்டு, சேறு சொட்டும் கையால் வேறு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே மோசமான கையெழுத்து அதுதான். எங்கள் குழுவின் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். பழங்காலத்து ஈமத்தாழிகள் என்றார்கள். மூங்கில் கழியைப் பிடுங்கி வெகுதூரம் தள்ளி நட்டார்கள். இரண்டு தட்டை மட்டும் நான் எழுதவில்லை.

நண்டாக இருக்கும் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து, இறங்கித் தொட்டுப் பார்க்காத எந்த இடத்தைப் பற்றியும் 'ஒன்றுமில்லை' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.