விட்டுப்போன ஏழு மாதம்

மருந்துக்கடையில் காலாவதித் தேதிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவள் என்பதால், பிழைக்க வந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தை நிரப்பும் வேலை அவள் தலையில் விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவரிடம் ஒரு விவரம் வாங்குவதற்குள் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. பத்து வருட வேலை விவரத்தை மாதவாரியாகக் கேட்டதற்கு, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், ஊரில் ஒரு கம்பெனி, இங்கே ஒரு கம்பெனி, நடுவில் ஒன்றுமில்லை, போடு என்றார். போட்டாள்.

ஆறு வாரம் கழித்துக் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு முன் வேலை விசாவுக்காக அவர் கொடுத்த விண்ணப்பத்தில் ஏழு மாதம் வேறு வேலை என்று இருக்கிறது, இதில் அதைக் காணோம், எது சரி என்று கேட்டிருந்தார்கள். முப்பது நாளுக்குள் விளக்கம் வேண்டும். தராவிட்டால் நிராகரிப்புதான்.

பெட்டியைக் குடைந்து பழைய நகலை எடுத்தாள். அவர் கையெழுத்திலேயே இருந்தது: மருத்துவமனைப் பிணவறை உதவியாளர்.

வேலையிலிருந்து வந்தவர் இரண்டு காகிதத்தையும் பார்த்துவிட்டு, மென்று முழுங்கி ஒருவழியாகச் சொன்னார். கம்பெனியில் ஆள் குறைத்தபோது கிடைத்த வேலை அது. அந்தச் சமயத்தில்தான் பெண் கேட்டு வந்ததும். அவள் அப்பாவிடம் லிஃப்ட் வேலை என்றே சொல்லிவிட்டார். பிறகு கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டதால் பேச்சு அதோடு அமுங்கிப்போனது.

"அரசாங்கத்துக்கு உண்மையைச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்லத் தெரியலையா?"

"அதுல ஒரு மாசம்கூட இடைவெளி விடக்கூடாதுன்னு போட்டிருந்துச்சும்மா," என்றார் அவர். "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா கட்டிக் குடுத்திருப்பாரா?"

கொடுத்திருக்க மாட்டார். அது தெரிந்ததால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சான்று வாங்குவது பெரும் பாடு. சாப்பாட்டு நேரத்தில் கடையின் சரக்கறையில், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அந்த மருத்துவமனைக்கு ஒன்பது முறை போன் செய்தாள். கோப்பெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது என்றார்கள். ஒப்பந்த ஆட்களுக்குக் கோப்பே கிடையாது என்றார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா மனமிரங்கி வருகைப் பதிவேட்டின் பக்கங்களை அனுப்பினார். அதில் வேலை தொடங்கிய நாள் பிப்ரவரி இருபது. இவர் எழுதியிருந்தது பிப்ரவரி ஒன்று.

முதல் பத்தொன்பது நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் பிடரியைச் சொறிந்தார். பெட்ரோல் பங்க்கில் நின்றாராம்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"அவ்வளவுதான். சத்தியமா."

அவர் பேச்சை நம்பி ஒருமுறை பட்டது போதும் என்று, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரை நாற்காலியை விட்டு எழவிடாமல், பழைய பாஸ்போர்ட்டையும் சம்பளச் சீட்டுகளையும் பரப்பிவைத்து மாதம் மாதமாக எழுதினாள். நடுவே போன் செய்த கொழுந்தன், தட்டச்சுப் பிழை என்று ஒரு வரி எழுதிப் போட்டால் முடிந்தது, எதற்கு இந்த வம்பு என்றான்.

"பூசி மெழுகினா அடுத்த விண்ணப்பத்துல அந்தப் பொய்யையும் ஞாபகம் வெச்சு எழுதணும். உங்க அண்ணனுக்கு நிஜமே ஞாபகம் இல்ல," என்று வைத்துவிட்டாள்.

விளக்கக் கடிதம் ஒரே பக்கம். ஏழு மாத வேலை, அதை மனைவியிடம் மறைத்தது, அதனால் அவள் அதை விட்டுவிட்டு எழுதியது, பெட்ரோல் பங்க்கின் பத்தொன்பது நாள், பழைய விண்ணப்பத்தில் இருந்த தேதிப் பிழை எல்லாம் இருந்தன. கூடவே திருத்திய படிவமும் பதிவேட்டு நகலும். கையெழுத்துப் போடும்போது, மறைத்ததையும் எழுத வேண்டுமா என்று இழுத்தார். அவள் பேனாவை அவர் கையில் திணித்தாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, இதைத் தவிர வேறு எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார். கணவர் பழக்கதோஷத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க, அவங்களுக்குப் பதில் சொல்லுங்க," என்றாள். இல்லை என்றார் அவர். மூன்று மாதத்தில் அனுமதி வந்தது.

அதற்கு முன்பே, நேர்காணல் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, அத்தனை நாளாக நாளும் தேதியும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள் முதல் முறையாக, பிணவறையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டாள். சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு முன் முகத்தைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்து வைப்பது என்றார். மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் போய் இரண்டு நிறுத்தம் ஆகியிருந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே மணியை அழுத்தினாள்.