தலைவர் வந்து பெயர் வைப்பார்

சில வருடங்களுக்கு முன், சம்பாப் பயிர் கதிர் விட்டிருந்த ஒரு மார்கழி மாதம். திருத்துறைப்பூண்டியில் நான் சொந்தமாகத் தொழில் தொடங்க இருந்த நாள். 'டூலா' என்றால் எங்கள் ஊரில் இன்றும் ஏதோ மிட்டாய் என்றுதான் நினைப்பார்கள். வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை தாயின் கூடவே இருந்து, முதுகை நீவிவிட்டு, மூச்சு விடச் சொல்லித் தந்து, தைரியம் கொடுப்பதுதான் வேலை. பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் வலியில் துடிப்பவள் பக்கத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் நிற்க முடிந்ததில்லை. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டேன்.

இடம் பிடித்தாயிற்று, போன் நம்பர் வாங்கியாயிற்று. பெயர்தான் அமையவில்லை. 'தாய்மடி' என்றேன், முதியோர் இல்லம் மாதிரி இருக்கிறது என்றார் கணவர். 'தொட்டில்' என்றேன், பொம்மைக்கடை என்றார். அவர் கட்சியில் கிளைச் செயலாளர். கடைசியில், தலைவர் இந்தப் பக்கம் வரும்போது அவரே பெயர் வைக்கட்டும் என்று முடிவு கட்டிவிட்டார். மார்கழியில் யாராவது கடை திறப்பார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். மாதம் பார்ப்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொன்ன அதே மனிதர், தலைவரின் தேதிக்காக ஆறு வாரம் காத்திருந்தார்.

அவரை மட்டும் சொல்வது நியாயமில்லை, எனக்கும் அந்த ஆசை இருந்தது. என் பெயரே ஒரு தலைவர் வைத்ததுதான். விவசாயக் கூலியாக இருந்த அப்பா, என்னைப் பெயரில்லாமல் ஏழு மாதம் 'பாப்பா'வாகவே வைத்திருந்து, ஒரு பொதுக்கூட்டத்துக்குத் தூக்கிப் போனார். அன்று மேடையில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்களாம்.

தொழிலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே ஒருத்தி என்னைத் தேடி வந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் துபாயில், அம்மா காலமாகிவிட்டார், மாமியாருக்கு முட்டிவலி. அவளுக்கு முதல் பிரசவம். வாராவாரம் வந்து மூச்சுப் பயிற்சி செய்துவிட்டுப் போவாள்.

தலைவர் பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. போர்டின் அடியில் போன் நம்பர் மட்டும் எழுதியிருந்தது. தலைவர் சொல்லும் பெயரை அங்கேயே எழுத பெயின்டர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பதரைக்கு அவளிடமிருந்து போன்.

"அக்கா, வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். வர்றீங்களா?"

எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, "முதல் பிரசவம்தானேம்மா, எப்படியும் சாயங்காலம் ஆயிடும். தலைவர் வந்துட்டுப் போனதும் ஓடி வந்துடுறேன்" என்றேன். படிப்புப்படி அந்தக் கணக்கு சரிதான்.

பதினொன்று போய் பன்னிரண்டும் ஆனது. இரண்டு மணிக்குத்தான் தகவல் வந்தது. கதிர் விட்ட வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க இயந்திரத்தை இறக்கியதால் விவசாயிகள் கறுப்புக்கொடியோடு சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைவரின் கார் மன்னார்குடியிலேயே திரும்பிவிட்டது. மறித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயல்களில் என் அப்பா காலத்து ஆட்கள் போராடி வாங்கிய நிலமும் இருக்கிறது. ஆள் உயர மாலையோடு நின்றிருந்த கணவரை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பன்னிரண்டே முக்காலுக்கே குழந்தை பிறந்துவிட்டிருந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தலைவர் வந்துட்டுப் போயிட்டாராக்கா?"

வரவில்லை என்றேன்.

"கூட யாரும்மா, கூட யாரும்மான்னு நர்ஸ் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு அக்கா வருவாங்க, வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிடிக்க வேண்டிய நேரத்தில் நான் பிடிக்காமல் விட்ட கை.

திரும்பி வந்தபோது கணவர் அடுத்த தேதிக்காக யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பெயின்டரிடம் என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தூரிகையைத் தொட்டார். 'கூப்பிட்டால் வருவேன்' என்று பெரிதாகவும், அதன் கீழே 'பிரசவத் துணை' என்று சிறிதாகவும் எழுதினார். இதெல்லாம் ஒரு பெயரா என்று கணவர் நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தப் போர்டு இப்போது வெயிலில் கொஞ்சம் வெளுத்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஒரு தடவை அதைப் படித்துவிட்டுத்தான் போகிறேன். அன்று காலை ஒன்பதரை மணிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.